பயந்தாங்கொள்ளி பறக்கவிட்ட டிரோன்

அவளுடைய கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பாதிப் படங்களில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பாள். ஃபிளாஷ் வெட்டும்போதெல்லாம் தலையில் இடி விழுந்ததுபோல் திடுக்கிட்டதன் பலன். கட்டிக்கொண்டவரோ சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். "ஊர்ல உள்ள மூஞ்சியெல்லாம் திருத்திக் குடுக்கறேன், என் பொண்டாட்டியைக் கண்ணைத் திறக்க வைக்க முடியல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்து, கடைசியில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேரே வைத்துவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்.

வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதென்றால் படிக்கட்டு அறையின் வாசலோடு சரி. கைப்பிடிச் சுவர் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள். துணிக்கொடியைக்கூட அவளுக்காகவே வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டியவள் நாத்தனார். மாடியில் குடியிருந்துகொண்டு ஸ்டுடியோவின் முன்மேசையைப் பார்த்துக்கொள்பவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அண்ணி என்றால் உயிர்.

இப்படிப்பட்டவள் டிரோன் ஓட்ட வந்தது எப்படி என்றால், ஸ்டுடியோக்காரர் ஓட்டிய அழகால்தான். முதலில் வாங்கிய சின்ன டிரோனை அவர் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதினார். ஒட்டுப்போட்டு எடுத்துப்போய்க் கல்யாண மண்டபத்துச் சரவிளக்குக்குள் செருகினார். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து அவர் எடுத்த படங்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

"ஏங்க, இதை ஏன் இப்படி வெடுக்கு வெடுக்குனு இழுக்கறீங்க? பார்க்கறவங்களுக்குத் தலை சுத்தாதா?"

"அப்ப நீயே ஓட்டு" என்று ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகினாள். பயமே அவளுக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு இறக்கையையும் நகத்தால் வருடிக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி நட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். கீழே புழுதி அடங்கியிருந்தாலும் நம்பமாட்டாள். தூரத்தில் உயரமான மரங்களின் உச்சி ஆடுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். மேலே போகப் போகக் காற்று வேறு ஆளாகிவிடும் என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. போகும்போது எதிர்காற்றில் போகவேண்டும், வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரவேண்டும். மாற்றிச் செய்தால் பேட்டரி பாதி வழியிலேயே கையை விரித்துவிடும். ஸ்டுடியோக்காரர் புதிதாகப் பெரிய டிரோன் வாங்கியபோது அதுவும் அவள் கைக்கே வந்தது.

கல்யாண வீடுகளில் முணுமுணுப்பு வரும். "எவ்வளவு நேரமா நிக்கறோம், இன்னும் விடலையாம்மா?" என்பார்கள். "காத்து அடிக்குதுங்க. கீழ இத்தனை பேர் நிக்கறாங்க. இப்ப வேண்டாம்" என்பாள். ஸ்டுடியோக்காரர் அசடு வழியச் சிரித்துச் சமாளிப்பார். வீட்டுக்கு வந்ததும், "உன்னால என் மானம் போகுது" என்பார். "தலைமேல விழுந்து உயிர் போறதுக்கு மானம் போறது மேல்" என்பாள். இத்தனை வருஷத்தில் அவள் விட்ட டிரோன் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை.

போன வருஷம் ஒரு மழைக்காற்றில் அவளுக்குத் தெரியாமல் ஸ்டுடியோக்காரர் பெரிய டிரோனை எடுத்துப்போய் ஏரிமேல் விட்டார். அதிர்ஷ்டம், திரும்பி வந்துவிட்டது. அலை எழும்பி மதகில் மோதும் அந்தப் படத்தை ஊரே பார்த்தது. டீக்கடையில், சலூனில், பேருந்தில் எல்லோரும் செல்போனில் அதைத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து வானிலை அறிக்கையில் புயல் என்ற சொல் வந்தாலே அவர் முகம் மலர ஆரம்பித்தது. அவள் டிரோன் பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்தப் புயல் மூன்று நாளாகவே வருகிறேன் வருகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தது. வந்த அன்று காலை, செய்திக்காரர் ஒருவர் போன் செய்தார். ஸ்டுடியோக்காரர் பேசிய விதத்திலேயே, புயல் படம் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாங்க" என்றாள், அவர் போனை வைக்கும் முன்பே.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்ல வேண்டாம். கதவு தானா அடிச்சுக்குது பாருங்க. கீழயே இப்படின்னா மேல எப்படி இருக்கும்? டிரோன் போறதுக்குப் போகும், காத்து ஏரிப் பக்கமாத்தான் தள்ளுது. திரும்பி வரணுமே!"

"போன தடவை வரலையா?"

"போன தடவை வந்துச்சுன்னு இந்தத் தடவையும் வருமா?"

"அஞ்சு நிமிஷம்டி. மேல போறேன், ஒரு சுத்து சுத்தறேன், இறக்கிடறேன். நீ வேணா சாமி ரூம்ல உக்காந்துக்கோ."

நாத்தனார் முன்மேசையிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணே, அண்ணி சொல்றதைக் கேளு. அப்புறம் குத்துதே குடையுதேன்னா நான் பொறுப்பில்ல."

அவர் கேட்கவில்லை. மழைக்கோட்டை மாட்டினார், பெட்டியை முதுகில் போட்டார், ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவள் வாசலில் நின்றுகொண்டு அவர் வளைவில் திரும்பும் வரை பார்த்தாள். மழைக்கோட்டு பலூன் மாதிரி உப்பி, அவரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது.

நண்பகல் தாண்டி ஒரு போன் வந்தது. காற்றிரைச்சலில் பாதிதான் கேட்டது.

"...போயிடுச்சு. அந்தக் கரைப் பக்கம் போயிடுச்சு."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலடி! காத்து எச்சரிக்கை காட்டுச்சு. சரி, தானாவே திரும்பி வரட்டும்னு பட்டனை அமுக்கினேன். அது என்னடான்னா இன்னும் மேல ஏறிடுச்சு..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆபத்தென்று அமுக்கும் அந்தப் பட்டன் செய்கிற முதல் வேலை, மரம் மட்டையில் மோதாமலிருக்க டிரோனை உயரத்துக்குக் கொண்டுபோவது. அமைதியான நாளில் நல்லதுதான். புயலில் அது நேராகக் காற்றின் வாய்க்குள் போய் நின்றுகொண்டு, முன்னால் வருவதாக நினைத்துப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

"மேப்ல இடம் காட்டுது. பம்ப் ஹவுஸைத் தாண்டி எங்கேயோ நாணல்ல இறங்கியிருக்கு. கரை வழியா போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"போகாதீங்க! அது போனா போகட்டும். நீங்க வீட்டுக்கு வாங்க!"

"ரெண்டு நிமிஷ வேலை..." என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு காற்று மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அதன்பின் அவள் எத்தனை முறை அழைத்தாளோ. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் கொஞ்சமும் பதறாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு மாடித் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு தெருவில் உருண்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து, பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கவேண்டும் என்று வந்து நின்றார். "இந்தக் கோலத்துல எடுத்தா ஏர்போர்ட்ல உங்களை உள்ள விடமாட்டாங்க. நாளைக்கு வாங்க" என்று நாத்தனார் அவரைத் திருப்பி அனுப்பினாள். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். எடுத்த அதிகாரி எரிந்துவிழவில்லை, களைத்திருந்தார்.

"அம்மா, ஆளுங்க எல்லாம் ரோட்ல விழுந்த மரத்தை வெட்டிக்கிட்டு இருக்காங்க. ஏரிக்கரை சுத்தி எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். நடுவுல தண்ணி வேற மேல ஏறி ஓடுதாம். பம்ப் ஹவுஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தாரா, வழியிலயே நின்னுட்டாரான்னு தெரியாம நான் எங்கே அனுப்பறது? கரை வழியா போறதா, பின்னாடி வயல் ரோட்ல சுத்திப் போறதா? இடம் சரியா தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு வண்டியைப் பிரிச்சு அனுப்பறேன்."

அவள் போனை வைத்துவிட்டு உள்ளே பார்த்தாள். எடிட்டிங் அறையில், அலமாரியின் மேல்தட்டில், ஒட்டுப்போட்ட சின்ன டிரோன் இருந்தது.

"அண்ணி, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது" என்றாள் நாத்தனார். "அது இந்தக் காத்துல நிக்குமா?"

"நிக்காது."

"திரும்பி வருமா?"

"வராது."

வாய்விட்டு அதைச் சொன்னதும்தான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. இத்தனை வருஷமும் அவள் பயந்ததெல்லாம் திரும்பி வருவதைப் பற்றித்தான். திரும்பவே வேண்டாம் என்றால் முழுப் பேட்டரியும் போவதற்கே. காற்று ஏரிப் பக்கமாகத்தான் அடிக்கிறது. வழியில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. விழுந்தாலும் யார் தலையிலும் விழாது.

ஆனாலும் அவசரப்படவில்லை. அவளால் முடியாது. இறக்கைகளை நகத்தால் வருடினாள். பேட்டரியைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துச் சூடாக்கினாள். பிறகு அமைப்புகளுக்குள் போய், தொடர்பு அறுந்தால் வீடு திரும்பு என்றிருந்ததை, இருந்த இடத்திலேயே கீழே இறங்கு என்று மாற்றினாள். கணவர் செய்த தவறை டிரோன் தானாகச் செய்துவிடக்கூடாது.

மழை சற்று விட்டது. இருவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். படிக்கட்டு அறையின் வாசலில் நின்றால் ஏரி தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் வரை போனால்தான் பம்ப் ஹவுஸின் கூரை தென்படும். அங்கிருந்தால்தான் சிக்னலும் தடையில்லாமல் போகும். அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்தே போனாள். சுவரோரம் மண்டியிட்டு ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். தரையில் வைத்தால் காற்று டிரோனைக் கவிழ்த்துவிடும் என்பதால் நாத்தனார் அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணி, விரல் போயிடுமா?"

"அடியைப் பிடி. நான் சொன்னதும் விட்டுட்டுக் குனிஞ்சுடு. விடு!"

டிரோன் கையிலிருந்து எழும்பியது, ஒரு பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். எறிந்த கல் மாதிரி ஏரிமேல் போய்விட்டது. திரையில் தொடுவானம் சாய்வும் சரிவுமாக ஆடியது. சிவப்பு எழுத்தில் பலத்த காற்று, உடனே இறக்கவும் என்று வந்துகொண்டே இருந்தது. தெரியும் தெரியும் என்று அவள் முனகினாள். உயரத்துக்கு விடாமல், தண்ணீருக்குமேல் இரண்டு மாடி அளவிலேயே பிடித்தாள்.  கட்டைவிரல்கள் யாருடையவையோபோல் நிதானமாக இருந்தன.

கரை தெரிந்தது. ஓரிடத்தில் கரையை அறுத்துக்கொண்டு பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி ஸ்கூட்டர் விழுந்து கிடந்தது. முன்விளக்கு எரிந்தது. ஆள் இல்லை.

"ஐயோ அண்ணி!" என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

 ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே தண்ணீர். அந்தத் தண்ணீரை அவள் பார்த்தாள். பார்க்காமலிருக்க முடியவில்லை. டிரோனின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தப் பார்த்தாள். முழு வேகம் கொடுத்தும் அது பின்னாலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. சரி, போகிற வழிக்கே போகட்டும், அவரும் அந்தப் பக்கம்தானே போயிருப்பார் என்று, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். பின்பக்கமாகவே நகர்ந்த டிரோன் ஸ்கூட்டரை விட்டு விலகிப் பம்ப் ஹவுஸின் பக்கவாட்டில் வந்தது. கூரையில் யாரும் இல்லை. காற்றை வாங்கும் சுவரோரமும் யாரும் இல்லை.

காற்றுக்குப் பயந்தவர் எங்கே ஒதுங்குவார்? நானாக இருந்தால் எங்கே ஒதுங்குவேன்? கட்டடத்தின் மறுபுறம்.

அவள் டிரோனை மூலையைத் தாண்டவிட்டுச் சட்டென்று சுவரின் மறைவுக்குள் இழுத்தாள். ஆட்டம் நின்றது. அவ்வளவு நேரம் கிழிந்துகொண்டிருந்த படம் அசையாமல் தெளிந்தது. சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டிப்போட்டு, உடைந்த பெரிய டிரோனைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் "அண்ணே!" என்று வீறிட்டாள், திரைக்குள் கேட்கும் என்பதுபோல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்து என்னவோ கத்தினார். ஒரு கையைத் தூக்கி வேகமாக ஆட்டினார். கட்டடம் நடுவில் மறைத்ததால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, இழுத்தது, அப்படியே உறைந்து நின்றது. தூக்கிய கை, திறந்த வாய், அவருக்குச் சற்றுத் தள்ளி நாணலுக்குள் பளபளக்கும் தண்ணீர். தொடர்பு அறுந்தது என்று கீழே எழுத்து வந்தது.

கீழே ஓடிவந்து தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "பம்ப் ஹவுஸ்ங்க. வயல் பக்கச் சுவர். உயிரோட இருக்காரு. கால்ல அடி, நடக்க முடியல. கரை வழியா போகாதீங்க, உடைஞ்சிருக்கு. வயல் ரோட்ல போங்க."

"யாரும்மா பார்த்தது?"

"நான்தான் பார்த்தேன்."

பிறகு காத்திருப்பது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. உறைந்த அந்தப் படத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எடிட்டிங் மேசைமேல் வைத்துக்கொண்டு இருவரும் அதையே பார்த்தார்கள்.

"காப்பாத்துன்னு சொல்றாரு" என்றாள் நாத்தனார்.

"இல்ல. வராதேன்னு சொல்றாரு. தண்ணி ஏறுது, யாரும் வராதீங்கன்னு சொல்றாரு."

"கை வெளிப்பக்கமா ஆடலையே அண்ணி. கூப்பிடற மாதிரிதான் இருக்கு."

டிரோன் ஒழுங்காக இறங்கியதா, இறங்குகிறேன் என்று அவர்மேலேயே விழுந்ததா? சுழலும் இறக்கை முகத்தில் பட்டிருந்தால்? தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும்? இல்லாததையெல்லாம் அவள் மனம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொடுத்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று. ரிமோட்டின் திரை மட்டும் அந்தக் கையைக் காட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில் வாசலில் சிவப்பு வண்டி நின்றது. இரண்டு பேர் தோளில் தாங்க, சேறும் சகதியுமாக ஸ்டுடியோக்காரர் இறங்கினார். ஒரு கையில் பெரிய டிரோன், மறு கையில் சின்னது. அதை அவள் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், கோபம்தான் வந்தது.

"எதுக்குக் கையைக் காட்டினீங்க? அதை மட்டும் சொல்லுங்க. ஆயிரம் தடவை செத்துப் பொழைச்சோம் ரெண்டு பேரும். என்ன சொன்னீங்க?"

அவர் விழித்தார். "எதிர்காத்து அடிக்குது, சீக்கிரம் திருப்பிக் கொண்டு போடி, இதுவும் போயிடப்போகுதுன்னேன்."

தாங்கிப் பிடித்திருந்த தீயணைப்பு வீரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மட்டும் உள்ளே போய், வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். தீக்குச்சி மூன்று வீணாயிற்று. நாலாவது பிடித்துக்கொண்டதும், அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

டிரோனை எடுத்துக்கொண்டு திரும்பும்போது நாணலில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பில் முறிவு. மாவுக்கட்டோடு ஸ்டுடியோக்காரர் வீட்டிலேயே கிடந்தார். ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைப்பாள், மாத்திரையை வைப்பாள், போய்விடுவாள். வருகிறவர்களிடம் அவர், "என் பொண்டாட்டி புயல்லயே டிரோன் விட்டவ தெரியுமா?" என்று பெருமையடிக்கும்போது மட்டும் அடுக்களையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். ஊரிலும் பேச்சு பரவிவிட்டது. ஒருவர் வந்து, "காத்துல எப்படி ஓட்டறதுன்னு எனக்கும் சொல்லிக்குடுங்க" என்று கேட்டார். "அதை நான் ஓட்டலைங்க, தொலைக்கறதுக்குத்தான் அனுப்பினேன். நீங்க காத்து அடிச்சா வீட்ல இருங்க" என்று அனுப்பிவிட்டாள். கல்யாண வீடுகளில் அவள் வேண்டாம் என்றால் இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை. அவளென்னவோ ஒவ்வொரு முறையும் பழையபடி இறக்கைகளை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி புயல் எச்சரிக்கை வந்தது. ஸ்டுடியோக்காரர் தானாகவே கடை ஷட்டரை இறக்கினார், டிரோன் பெட்டிகளைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், நாற்காலியைச் சன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செய்திக்காரர் போன் செய்தபோது, "கால் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டார். கால் சரியாகி மாதக்கணக்காகிவிட்டது.

அவள் நம்பவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பருப்பு டப்பாவின் அடியில் புதைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்த்தாள். புயல் கடந்துபோய் இரண்டு நாள் கழித்து, அன்று அவர் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஸ்கூட்டரின் மாற்றுச் சாவி. அன்று முழுக்க அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது.  அவள் அதைச் சாவி மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையை நீரில் போட்டாள்.